கிணற்று நீருக்கு என்ன விலை? சூழல் பொருளியல் படித்து நான் அறிந்தவை

பல்கலைக்கழகத்தில் பொருளியலைப் பிரதான பாடமாகவும், சூழல் மற்றும் இயற்கை வளப் பொருளியலைத் துணைப்பாடமாகவும் தெரிவு செய்தேன். வலிகாமத்தில் வெங்காயம் செய்யும் அப்பா கேட்டார்: "கிணத்துத் தண்ணியைப் பற்றிப் படிக்கிறதுக்குக் கம்பஸுக்குப் போகவேணுமே தம்பி?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. உயர்தரம் முடித்துவிட்டு இந்தப் பாடத்தை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழைதான் சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலர் அறிந்தது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொதுவான கணக்கு. அப்படியானால், மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறக்கூடும்.

இதுவரை சொன்னது புவியியல். பொருளியல் இதன் பிறகுதான் தொடங்குகிறது.

அப்பா இறைப்புக்கு மண்ணெண்ணெய்க்கோ மின்சாரத்துக்கோ காசு கொடுக்கிறார். தண்ணீருக்குக் கொடுப்பதில்லை. அவர் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணறுகளில் சேர்கிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். அந்தச் செலவு வெங்காய விலையில் இல்லை. இதையே புறவிளைவு என்கிறோம். 1920இல் ஆர்தர் பிகு, இத்தகைய பாதிப்புக்கு வரி விதிக்கலாம் என்று வாதிட்டார்.

இரண்டாவது பாடம் பொதுவளம். "நான் இறைக்காமல் விட்டால் பக்கத்துத் தோட்டக்காரன் இறைப்பான்" என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. இப்படியே போனால் பொதுவளம் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். எலினோர் ஒஸ்ரம் அதை அப்படியே ஏற்கவில்லை. 1965இல் அவர் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வே, கடல்நீர் புகுந்துகொண்டிருந்த லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதி நிலத்தடி நீர் பற்றியதுதான். அங்கே நீர் எடுத்தவர்களே கூடிப்பேசி, நீதிமன்றத்தின் ஊடாக ஒவ்வொருவரின் அளவையும் குறைத்துக்கொண்டார்கள். 2009இல் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதற்பெண் அவர்தான். எங்கள் கிணற்றுப் பிரச்சினையை நான் அமெரிக்க ஆய்வு ஒன்றில் கண்ட நாள், அப்பாவின் கேள்விக்கான பாதிப் பதில் கிடைத்தது.

மூன்றாவது, எதிர்காலத்தின் மதிப்பு. 50 ஆண்டுகளின் பின் வரும் 1 இலட்சம் ரூபா நட்டத்தை ஆண்டுக்கு 10 வீதத்தில் கழித்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 850 ரூபாதான். 2 வீதத்தில் கழித்தால் 37,000 ரூபா வரும். கிணறு அதேதான், நட்டமும் அதேதான். எந்த வீதத்தை எடுக்கிறோம் என்பதே பேரப்பிள்ளைகளின் பங்கைத் தீர்மானிக்கிறது. அபிவிருத்தித் திட்ட அறிக்கைகளை வாசிக்கும்போது இப்போது நான் முதலில் தேடுவது இந்த வீதத்தைத்தான்.

இந்தப் பாடத்துக்கு நுண்பாகப் பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் நம்பி வேலை தேடவும் முடியாது. ஆனால் கணக்கியலோ விவசாயமோ சட்டமோ படிப்பவருக்கு, கண்ணுக்குத் தெரியாத செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்கப் பழக்குகிறது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் இறைப்பைக் குறைச்சால் வாற நட்டத்தை ஆர் தாறது?" என்றார். அது பாடப்புத்தகத்தின் மையக் கேள்வி. வரி, மானியம், கூட்டு ஒப்பந்தம் எதுவானாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தோட்டக்காரரிடம் போகமுடியாது.

எங்கள் கிணற்றை இந்தப் படிப்பு இன்னும் காப்பாற்றவில்லை. கோடையில் தண்ணீர் சற்றுக் கரிக்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் கதைக்கப் போகும்போது, அப்பா இப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்.