சட்டம் அனுமதிக்கிறது, பெட்டி மறுக்கிறது

தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டுக் கணினியில் பதிவுசெய்வது குற்றமா என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. குற்றமல்ல. ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, கற்பித்தலுக்காகவோ, ஆய்வுக்காகவோ ஒளிபரப்பைப் பதிவுசெய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 39-ஆவது பிரிவு. ஆனால், அந்த உரிமையைப் பயன்படுத்தும் வழிதான் அடைபட்டுவருகிறது.

முன்பு இது எளிதாக இருந்தது. கணினியில் ‘டியூனர்’ அட்டையைப் பொருத்தி, கேபிள் கம்பியை அதில் இணைத்தால் போதும். அட்டை அலைவரிசையைப் பிரித்தெடுக்கும். மென்பொருள் அதைச் சுருக்கி, வன்தட்டில் கோப்பாகச் சேமிக்கும். நேரத்தைக் குறித்து வைத்தால் நாம் வீட்டில் இல்லாதபோதும் பதிவு நடக்கும். இரவு நேர விவாதங்களை நான் இப்படிப் பதிவுசெய்து மறுநாள் காலையில் பார்த்திருக்கிறேன்.

2011-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, கேபிள் ஒளிபரப்பு படிப்படியாக மறையாக்கம் செய்யப்பட்ட எண்ம வடிவத்துக்கு மாறியது. மறைகுறியைத் திறக்கும் சாவி ‘செட்-டாப் பாக்ஸ்’ எனும் பெட்டியிடமே இருப்பதால், கம்பியில் வருவதைக் கணினியால் படிக்க இயலாது. பதிவு வசதியுள்ள பெட்டியிலும், அந்தப் பதிவு பெரும்பாலும் அதற்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது நியாயமான பயன்பாடே என்று 1984-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2003-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம், எண்ம ஒளிபரப்பில் ஓர் அடையாளக் குறியைச் சேர்க்கலாம் என்றும், கருவிகள் அதற்குக் கட்டுப்பட்டு நகலெடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் விதி வகுத்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் முன்வரிசையில் இருந்தது அமெரிக்க நூலகச் சங்கம். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது.

நூலகர்களுக்கு இதில் என்ன அக்கறை? பிலடெல்பியாவில் வாழ்ந்த மரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2012-இல் மறையும்வரை, செய்தி ஒளிபரப்புகளை வீட்டிலேயே பதிவுசெய்துவந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 70,000 நாடாக்கள் இன்று ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ வசம் உள்ளன. தலைவர்கள் திரையில் சொன்னதைப் பிற்காலத்தில் சரிபார்க்க, ஒளிபரப்பாளரைச் சாராத இத்தகைய நகல்கள் தேவை.

திருட்டுப் பிரதிகள் பெருகும் என்ற ஒளிபரப்பாளர்களின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால், பணம் வாங்கிக்கொண்டு நகல் பரப்புவோரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதற்காகச் சந்தா செலுத்தும் ஒவ்வொருவரின் கையையும் கட்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சம் செய்தி அலைவரிசைகளையும் பொது ஒளிபரப்பையுமாவது கணினியில் பதிவுசெய்ய வழிவிடும் பெட்டிகளை அரசு கட்டாயமாக்க வேண்டும். பாராளுமன்றம் வழங்கிய உரிமை, வரவேற்பறைப் பெட்டியின் பூட்டில் முடிந்துவிடக் கூடாது.