திருவொற்றியூர்ப் புல்லட் எஞ்சினில் நெம்புருள் காலமுறைக் குறைபாட்டை அறிதல்

ஆய்வுச் சுருக்கம்

திருவொற்றியூரில் உருவான பழைய 350 புல்லட் எஞ்சினில் வால்வுகள் திறந்து மூடும் காலமுறையைப் பற்சக்கரத் தொடரே தீர்மானிக்கிறது. இத்தொடரில் பெரும்பிழை சிறுகச் சிறுக வளர்வதில்லை. பல் மாறிப் பொருந்தும்போது ஒரே தடவையில் நேர்கிறது. குறையறிதலுக்கு இவ்வியல்பே அடிப்படை என்பதையும், ‘டைமிங்’ என்னும் பட்டறைச் சொல் விளைவிக்கும் மயக்கத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புல்லட், திருவொற்றியூர், நெம்புருள், வால்வு, எரியூட்டல், கலைச்சொல்.

முன்னுரை

சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் கோக்கப்பட்டன. பின்னர் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 கன செ.மீ. ஒற்றை உருளை எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் உற்பத்தியானது. இன்று அதன் உற்பத்தி நின்றுவிட்டது, வண்டிகளோ ஓடுகின்றன. தவறான கணிப்பால் எஞ்சினைப் பிரிப்பது வீண்செலவாவதுடன், இல்லாத பிழையைப் புதிதாகப் புகுத்தவும் வழிவகுக்கிறது.

அமைப்பும் இயக்கமும்

‘கிராங்க்’ எனப்படும் வணரித் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் உள்ளது. அதன் சுழற்சி, உள்ளிழுப்பு வால்வுக்கும் வெளியேற்று வால்வுக்கும் தனித்தனியே அமைந்த இரு நெம்புருள் சக்கரங்களைச் சென்றடைகிறது. ‘கேம்’ எனப்படும் இந்நெம்புருள்கள் புஷ்ராடுகளை மேலே தள்ள, அவை வால்வுகளைத் திறக்கின்றன. வணரித் தண்டு இருமுறை சுழன்றால் நெம்புருள் ஒருமுறை சுழலும். கோக்கும்போது வழிகாட்டுவதற்காகச் சக்கரங்களில் குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

சங்கிலியோ பட்டையோ நெம்புருள் தண்டை இயக்கும் விளையாட்டுக் கார் எஞ்சின்களில், சங்கிலி நீள நீளக் காலமுறை மெல்லப் பின்தங்கும். பற்சக்கரத்தில் அவ்வாறில்லை. பல் தேய்ந்தால் ஓசை கூடும். காலமுறை பெரிதும் மாறாது. மாறாக, ஒரு பல் தவறிக் கோத்தால் பிழை பெரிது. சிறு சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல்லின் தவறு வணரிச் சுழற்சியில் 18 பாகைக்குச் சமமாகும்.

எனவே மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் வினா, பற்சக்கர அறை கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதே. திறந்து மூடிய உடனே வலு குறைந்திருந்தால் பல் தவறியதாக ஐயுறலாம். திறக்கப்படாத எஞ்சினில் குறை மெல்ல வளர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

‘டைமிங்’ என்னும் சொல்

பட்டறைப் பேச்சில் வால்வின் காலமுறையும் எரியூட்டலின் காலமுறையும் ‘டைமிங்’ என்றே வழங்குகின்றன. கார்புரேட்டர் வழியே துப்புதல், சைலன்சரில் வெடித்தல், சூடேறுதல் ஆகிய அறிகுறிகள் இரண்டிலும் தோன்றக்கூடும். ஆனால் எரியூட்டலை வெளியிலிருந்தே திருத்தலாம். நெம்புருளைத் திருத்த அறையைத் திறந்தாக வேண்டும். ‘வால்வு டைமிங்’, ‘பாயிண்ட் டைமிங்’ எனப் பிரித்துச் சொல்வதே இம்மயக்கத்தைப் போக்கும்.

குறையறியும் வரிசை

1. ஸ்பார்க் பிளக், பாயிண்ட் இடைவெளி, எரியூட்டும் நேரம் ஆகியவற்றை முதலில் சரிபார்த்தல் வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் தகும்.

2. எஞ்சின் குளிர்ந்த நிலையில், அமுக்க வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, டேப்பெட் மூடியைக் கழற்ற வேண்டும். புஷ்ராடுகள் மேலும் கீழும் ஆடாமல், விரலால் உருட்டினால் எளிதில் சுழல வேண்டும். இறுகியிருந்தால் வால்வு முழுமையாக மூடாது. தளர்ந்திருந்தால் தாமதித்துத் திறந்து முந்தி மூடும். இக்குறை நெம்புருள் பிழைபோலவே தோற்றமளிக்கும்.

3. பிளக்கைக் கழற்றி எஞ்சினை மெல்லச் சுழற்றி, வெளியேற்று வீச்சின் உச்சியில் நிறுத்த வேண்டும். அப்போது ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருப்பதால் இரு புஷ்ராடுகளும் சிறிதளவு உயர்ந்திருக்கும். ஒன்று முற்றிலும் இறங்கி மற்றது மிக உயர்ந்திருந்தால் பல் தவறியதற்கு அது வலுவான சான்று.

4. ஒரு புஷ்ராடின் முழு உயர்வு மட்டும் குறைந்திருந்தால் அது காலமுறைப் பிழையன்று. நெம்புருள் முகட்டின் தேய்மானம்.

உள்ளிழுப்பு நெம்புருள் பின்தங்கினால் வால்வு தாமதித்து மூடுகிறது. உதைக்கும் வேகத்தில் கலவை கார்புரேட்டருக்கே திரும்புவதால் அமுக்கம் குறைகிறது. எனினும் பிஸ்டன் வளையத் தேய்மானமும் அமுக்கத்தைக் குறைக்கும். ஆதலால் அமுக்கக் குறைவை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

மேற்கண்ட சோதனைகள் பல் பிழையைக் காட்டிய பின்னரே அறையைத் திறத்தல் வேண்டும். குறிகளைப் பொருத்தியபின் வணரித் தண்டை இருமுறை முழுதாகச் சுழற்றி மீண்டும் ஒப்புநோக்குவதும், எரியூட்டலைப் புதிதாக அமைப்பதும் இன்றியமையாதவை.

முடிவுரை

புல்லட் எஞ்சினின் நெம்புருள் குறை, பெரும்பாலும் எஞ்சினின் முதுமையால் வருவதன்று; அதைப் பிரித்துக் கோத்த கையின் பிழையால் வருவது. வண்டியின் பழுதுநீக்க வரலாற்றைக் கேட்பதும், ‘டைமிங்’ எது என வரையறுப்பதும், புஷ்ராடுகளைக் கண்ணால் காண்பதும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. கலைச்சொல் தெளிவு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் அது ஓர் எஞ்சினைத் தேவையின்றிப் பிரிப்பதைத் தவிர்க்கிறது என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது.