சார்ஜர் டிராயரைப் பார்த்து 1996-லேயே புலம்பிய மனிதர்! - டக்ளஸ் ஆடம்ஸின் கேட்ஜெட் காதல்

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டிராயர் இருக்கும். இழுத்தால் பாதியில் சிக்கும். கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தால், உள்ளே ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வயர்கள். பழைய நோக்கியா போனின் மெல்லிய பின் சார்ஜர், என்றோ உயிரைவிட்ட கேமராவின் சார்ஜர், எதற்கு வாங்கியது என்றே தெரியாத கறுப்பு அடாப்டர் ஒன்று. "இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?" என்று அம்மா கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார் அப்பா. அந்த 'எதுக்காவது' இன்றுவரை வந்தபாடில்லை.

இந்த டிராயரை நினைத்து 1996-லேயே ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் புலம்பித் தீர்த்தார். பெயர், டக்ளஸ் ஆடம்ஸ். ஆப்பிள் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களுக்கான 'மேக்யூசர்' என்ற இதழில் அவர் எழுதிய அந்தக் கட்டுரையின் வில்லன், சுவரில் தொங்கும் குட்டி அடாப்டர்தான்.

வாங்கும் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஓர் அடாப்டரோடு வருகிறது. ஒன்றின் வோல்டேஜ் இன்னொன்றுக்குச் சேராது. ஒன்றின் முனை இன்னொன்றில் நுழையாது. வெளியூர் போனால் பெட்டியில் துணிமணியைவிட வயர்தான் அதிகம். இதற்கெல்லாம் பொதுவாக ஒரே மாதிரி மின் இணைப்பைக் கொண்டுவரக் கூடாதா என்பதுதான் அவர் கேள்வி. யாரும் திட்டமிடாமலேயே அப்படி ஒரு பொது இணைப்பு உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றும் சுட்டிக்காட்டினார். அது, கார்களில் சிகரெட் பற்றவைப்பதற்காக வைத்த சாக்கெட்!

யார் இந்த ஆடம்ஸ்?

1952-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோவில் ஒலிபரப்பான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்ற நகைச்சுவைத் தொடர் அவரை உலகப் பிரபலம் ஆக்கியது. மறுவருடமே அது நாவலாகவும் வந்தது. பூமியை இடித்துவிட்டு விண்வெளியில் பைபாஸ் ரோடு போடுகிறார்கள். தப்பித்த ஓர் ஆசாமி அண்டம் முழுக்க அலைகிறான். இதுதான் கதை.

அந்தக் கதையில் ஒரு கருவி வரும். கையடக்கமானது. சின்னத் திரை உண்டு. எதைப் பற்றிக் கேட்டாலும் அதில் தகவல் ஓடும். அட்டையில் 'பதறாதே' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டில் போன் இருப்பதே பெருமையாக இருந்த காலத்தில் யோசித்த கருவி அது. இன்று சட்டைப் பையில் வைத்திருக்கும் ஸ்மார்ட்போனை எடுத்துப் பாருங்கள், ஆச்சர்யமாக இருக்கும்.

அவர் கற்பனைகள் கதையோடு நிற்கவில்லை. காதுக்குள் போட்டுக்கொண்டால் எந்த மொழியையும் மொழிபெயர்க்கும் 'பேபல் ஃபிஷ்' என்ற மீன் அந்தக் கதையில் உண்டு. 1997-ல் 'ஆல்டாவிஸ்டா' தன் இலவச மொழிபெயர்ப்புச் சேவைக்கு அந்தப் பெயரையே வைத்தது. கதையில் வரும் 'டீப் தாட்' கம்ப்யூட்டரின் பெயர் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்றுக்குப் போனது. அதன் வாரிசுதான் 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த 'டீப் புளூ'. 2018-ல் எலான் மஸ்க்கின் ராக்கெட் விண்வெளிக்குக் கொண்டுபோன காரின் டேஷ்போர்டிலும் 'பதறாதே' என்ற வாசகம்தான் மின்னியது.

பத்து விநாடி வேலைக்கு ஒரு நாள்!

இப்படிப்பட்டவர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்குமா? 1984-ல் ஆப்பிளின் 'மேகின்டாஷ்' வந்தபோது ஐரோப்பாவில் அதை முதலில் வாங்கியவர் ஆடம்ஸ் என்றும், இரண்டாவதாக வாங்கியது தான்தான் என்றும் அவர் நண்பரும் நடிகருமான ஸ்டீபன் ஃப்ரை பெருமையாகச் சொல்வார். ஆப்பிளில் புதிதாக எது வந்தாலும் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள்.

இத்தனை கருவிகள் இருந்தும் எழுத்து வேலை வேகமாக நடந்ததா என்றால், அதுதான் இல்லை. கையால் செய்தால் பத்து விநாடியில் முடிகிற ஒரு வேலையை கம்ப்யூட்டர் தானாகச் செய்வதற்கு நாள் முழுக்க உட்கார்ந்து புரோகிராம் எழுதுவது தனக்கு அலாதி சந்தோஷம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். புது போன் வாங்கிய அன்று ரிங்டோனும் வால்பேப்பரும் மாற்றுவதிலேயே ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

கெடு தேதிக்குள் எழுதிக் கொடுப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. நான்காவது நாவல் இழுத்துக்கொண்டே போனபோது, பதிப்பாளர் சோனி மேத்தா லண்டனில் ஒரு ஹோட்டல் அறை எடுத்து அவரை உள்ளே உட்காரவைத்து, தானும் கூடவே காவல் இருந்து எழுதி வாங்கினார். மேத்தா டெல்லியில் பிறந்தவர். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை எப்படி உட்காரவைப்பது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

நாற்காலியும் ஒரு காலத்தில் டெக்னாலஜிதான்

கேட்ஜெட் பைத்தியங்களில் இரண்டு ரகம் உண்டு. எது புதிதாக வந்தாலும் புல்லரித்துப்போகிறவர்கள் ஒரு ரகம். ஏன் இது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் இன்னொரு ரகம். ஆடம்ஸ் இரண்டாவது ரகம்.

1999 ஆகஸ்டில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் இணையம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வைத்த வாதம் எளிமையானது. நாற்காலியை யாரும் இன்று டெக்னாலஜி என்று சொல்வதில்லை. ஆனால் அதற்கும் எத்தனை கால் வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியாமல் மனிதர்கள் திணறிய காலம் ஒன்று இருந்திருக்கும். ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததும் அது வெறும் நாற்காலி ஆகிவிட்டது. ஆக, இன்னும் சரியாக வேலை செய்யாத பொருளுக்குத்தான் 'டெக்னாலஜி' என்று பெயர்.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியை இன்று யாரும் கேட்ஜெட் என்று சொல்வதில்லை. சட்னி அரைக்கிறது, அவ்வளவுதான். ஆனால், வைஃபை ரௌட்டரை மட்டும் வாரம் ஒருமுறை அணைத்து அணைத்துப் போடுகிறோம். அப்படியென்றால் அது இன்னும் 'டெக்னாலஜி'யாகத்தான் இருக்கிறது!

அதே கட்டுரையில் வயதைப் பற்றியும் ஒரு கிண்டல் கணக்குப் போட்டார். நாம் பிறக்கும்போதே இருந்தவையெல்லாம் நமக்கு சாதாரணம். முப்பது வயதுக்குள் வருபவை அற்புதம். முப்பதுக்கு மேல் வருபவையோ உலகத்தைக் கெடுக்க வந்தவை. ஒரு பத்து வருடம் பழகிவிட்டால் அவையும் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும்.

இந்தக் கணக்கு எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். "எந்நேரமும் என்னடா அந்த போன்?" என்று பேரனைத் திட்டிய தாத்தா, இன்று காலை ஆறு மணிக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பூப்போட்ட 'குட் மார்னிங்' அனுப்புகிறார். கடைக்காரரிடம் சில்லறை எண்ணி வாங்கிய பாட்டி, இப்போது கீரைக்காரம்மாவிடம் "க்யூஆர் கோடு இருக்கா?" என்று கேட்கிறார்.

இணையத்தில் வருவதையெல்லாம் நம்பலாமா என்ற கவலைக்கும் அப்போதே பதில் சொன்னார். ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர் சொல்வதையெல்லாம் நம்புகிறோமா? சொல்வது யார், எதற்காகச் சொல்கிறார் என்று பார்க்கிறோம் இல்லையா? அதே புத்தியைத் திரைக்கு முன்னாலும் பயன்படுத்த வேண்டும் என்றார். ஃபார்வேர்டு மெசேஜ்கள் குவியும் இன்றைய காலத்துக்கும் அது பொருந்துகிறது.

டீ, கிடார், 42

அவர் உலகம் கம்ப்யூட்டரோடு முடிந்துவிடவில்லை. நல்ல டீ போடுவது எப்படி என்று அமெரிக்கர்களுக்குப் பாடம் எடுத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். டீத்தூள்மேல் விழும் நொடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், சற்று முன்னால் கொதித்த தண்ணீர் உதவாது என்பது அவர் கட்சி. நம் ஊர் டீ மாஸ்டர்கள் ஆமோதிப்பார்கள்.

இடதுகைக்காரரான அவர், இடதுகை கிடார்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் நாவலில் வாழ்க்கை உள்ளிட்ட எல்லாவற்றுக்குமான இறுதி விடையாக வரும் எண் 42. அதனால் 42-வது பிறந்தநாள் பரிசாக, 'பிங்க் ஃபிளாய்ட்' இசைக்குழுவின் டேவிட் கில்மோர் தங்கள் மேடையில் வாசிக்க அவரை அழைத்தார். 1994 அக்டோபர் 28, லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கில் ஆடம்ஸ் கிடாரோடு ஏறினார்.

ஆற்றுக்குள் இறக்கிய மைக்

ஆனால், அவர் எழுதியதிலேயே அவருக்கு மிகப் பெருமை தந்தது இவை எதுவும் அல்ல. 'லாஸ்ட் சான்ஸ் டு சீ' என்ற புத்தகம்தான். விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனோடு சேர்ந்து, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களைத் தேடி உலகம் சுற்றிய அனுபவம் அது. 1990-ல் வெளியானது.

அந்தப் பயணத்தில் சீனாவின் யாங்சே ஆற்றுக்குப் போனார்கள். அங்கே மட்டுமே வாழ்ந்த 'பைஜி' என்ற டால்ஃபினைத் தேடி. கலங்கிய தண்ணீரில் கண்ணால் பயனில்லை என்பதால் அந்த இனத்தின் பார்வை மங்கிப்போயிருந்தது. ஒலியை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியை வைத்தே வழியையும் இரையையும் கண்டுபிடிக்கும். காதுதான் அதற்குக் கண். இயற்கை கொடுத்த அற்புதமான கருவி!

அந்த டால்ஃபினுக்கு ஆற்றுக்குள் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஆடம்ஸ் ஆசைப்பட்டார். கையில் தண்ணீருக்குள் இறக்கும் மைக் இல்லை. சாதாரண மைக்குக்கு ஒரு மெல்லிய ரப்பர் உறையை மாட்டி ஆற்றில் இறக்கினார்கள். தனித்தனியாகக் கப்பல் இன்ஜின்களின் சத்தம் கேட்கும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்டது. நாள் முழுக்க, விடாத இரைச்சல். காதால் மட்டுமே பார்க்கத் தெரிந்த ஓர் உயிர் அதற்குள்தான் வாழ வேண்டியிருந்தது. வழி தெரியாமல் படகுகளில் அடிபட்டது. மீன்பிடித் தூண்டில்களில் சிக்கியது.

2006 இறுதியில் விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆறு வாரங்கள் யாங்சேயில் பயணம் செய்து தேடியது. ஒரு பைஜிகூடக் கண்ணில் படவில்லை. அந்த இனம் ஏறக்குறைய அழிந்துவிட்டதாகவே அறிவித்தார்கள்.

கருவிகளை உயிராக நேசித்த மனிதர்தான் அந்த இரைச்சலைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதினார். அடாப்டர் கட்டுரையையும் இந்த ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவர் மனது புரியும். கருவி என்பது நமக்கு உதவிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதன் சத்தத்தில் மற்றவர் குரல் கேட்காமல் போய்விடக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் நான்கு பேரும் நான்கு போன்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அவர் பார்க்காமல் போனது

2001 மே 11. கலிஃபோர்னியாவில் ஜிம்மில் உடற்பயிற்சி செய்தபோது மாரடைப்பால் ஆடம்ஸ் இறந்தார். வயது 49 தான். அதே வருடம் அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 2007-ல் ஐபோனும், அமேசானின் கிண்டிலும் வந்தன. அவர் கதையில் எழுதிய கருவி கிட்டத்தட்ட நிஜமாகிக் கைக்கு வந்தபோது, வரிசையில் முதல் ஆளாக நிற்க அவர் இல்லை. அவர் கம்ப்யூட்டர்களில் இருந்த எழுத்துகளைத் தேடியெடுத்துத் தொகுத்து, 2002-ல் 'தி சால்மன் ஆஃப் டவுட்' என்ற புத்தகமாக வெளியிட்டார்கள். அடாப்டர் கட்டுரையும் அதில் இருக்கிறது.

அந்தப் புலம்பலுக்கு விடை என்ன ஆனது? அவர் கட்டுரை எழுதிய அதே 1996-ன் ஜனவரியில்தான் யூஎஸ்பி-யின் முதல் வடிவம் வெளியாகியிருந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர், பரோடாவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த அஜய் பட். வீட்டில் கம்ப்யூட்டரோடு பிரின்டரை இணைக்கக் குடும்பத்தினர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதிகபட்சம் 2.5 வாட் மின்சாரம் தந்த அந்த இணைப்பு, இன்று 'டைப்-சி' வடிவத்தில் 240 வாட் வரை தருகிறது. போனுக்கும் அதுவே, லேப்டாப்புக்கும் அதுவே. 2023-ல் ஐபோனும் அதற்கு மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது.

புலம்பி 28 வருடங்கள் கழித்துத்தான் அடாப்டருக்கு விடிவு வந்திருக்கிறது. இனி அதுவும் நாற்காலி மாதிரி யாரும் நினைத்துப் பார்க்காத பொருளாகிவிடும்.

சரி, நம் வீட்டு டிராயர்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, எது வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரித்துவிடலாம். உதவாதவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். அந்த ஒரு மணி நேரமாவது போன்கள் வேறு அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கட்டும். எந்த வயர் எந்த கேமராவுடையது, அந்த கேமராவில் யார் கல்யாணத்தைப் படம் எடுத்தோம் என்று அப்பாவும் அம்மாவும் பேச ஆரம்பிப்பார்கள்.