ஆழ்கடல் மறைத்த விமானம்

கடலில் கப்பலோ விமானமோ மறைந்துவிடின், அதனைப் பூதம் விழுங்கியது என்று கதை கட்டுவோர் உளர். உண்மை யாது?

புயல், இயந்திரப் பழுது, மனிதரின் பிழை ஆகியன கலங்களை வீழ்த்தும். புயலின் ஆற்றலை 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடி கண்டதன்றோ? வீழ்ந்தவற்றை ஒளித்துவைப்பது கடலின் ஆழமாகும்.

இராமேசுவரத்திற்கு வடக்கேயுள்ள பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடையது. ஆங்கு மூழ்கிய பொருளை முக்குளிப்போர் கண்டெடுத்தல் கூடும். வங்கக் கடலின் நடுப்பகுதியிலோ ஆழம் 3,000 மீட்டரைக் கடக்கும். அங்கே கதிரொளி எட்டாது; வானொலி அலைகளும் உவர்நீரை ஊடுருவி மேலே வாரா. மிதக்கும் சிதைவுகளைக் காற்றும் நீரோட்டமும் சிதறடித்துவிடும்.

2016ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிச் சென்ற இந்திய விமானப்படையின் ஏ.என்.32 விமானம் வங்கக் கடலின்மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் பல நாள் தேடியும் பயனில்லை.

ஆயினும், ஒளி புகாவிடத்தும் ஒலி புகும். பின்னாளில், ஒலியலைகளை அனுப்பி எதிரொலியால் கடலடியை ஆராயும் ஆளில்லா ஊர்தியொன்றைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் நீருள் இறக்கினர். 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தென்பட்டன. அவை அவ்வகை விமானத்தோடு ஒத்திருந்தன என்று 2024ஆம் ஆண்டு சனவரியில் அறிவிக்கப்பட்டது. ஏழாண்டுக்கு மேலாக ஏங்கியிருந்த குடும்பங்களுக்கு ஒரு விடை கிட்டியது.

கட்டுக்கதை தேடலை நிறுத்திவிடும். அறிவோ தேடலைத் தொடரச் செய்யும்.