யூதரும் பிறவினத்தாரும்: உரோமர் மடலின் மீட்புக் கோட்பாடு

பவுலடிகளார் உரோமாபுரிக் கிறித்தவர்க்கு வரைந்த மடல் 16 இயல்களை உடையது. அதனைச் சமய நூலாக ஓதுவார் பலர். மடல் என்னும் இலக்கிய வகையாகக் கொண்டு, யார் யார்க்கு எச்சூழலில் எழுதினார் என நோக்குவார் சிலரே. அவ்வாறு நோக்கினாலன்றி, 'மீட்பு யூதர்க்கே உரியதா, பிறவினத்தார்க்கும் உரியதா' என்னும் அதன் நடுவினா தெளிவுறாது. அவ்வினாவையும், அதனின்று கிளைக்கும் நற்செய்தி அறிவித்தல் என்னும் கடமையையும் ஈண்டு ஆராய்வாம்.

'பிறவினத்தார்' என யாம் குறித்த சொல் கிரேக்க மூலத்தில் 'எத்னே' என்பதாம். எபிரேயத்தில் அதற்கு நேரானது 'கோயிம்'. இரண்டும் முதற்கண் மக்களினங்கள் என்னும் பொதுப்பொருளே தந்தன. ஆபிரகாமின் வழியில் தோன்றவிருந்த இனத்தையே தொடக்கநூல் 'கோய்' என்று கூறுதல் காண்க. இசுரயேலர் அல்லாதார் என்னும் சிறப்புப்பொருள் பின்னரே மேலோங்கிற்று. தமிழில் 1871-இல் வெளிவந்த திருப்புதல் இதனைப் 'புறஜாதியார்' என்றும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'பிற இனத்தார்' என்றும் பெயர்த்தன. முன்னையதில் உள்ள 'ஜாதி' இனம் என்னும் பொருளில் ஆளப்பட்டதேனும், தமிழ்ச் செவிக்குப் பிறப்புவழி ஏற்றத்தாழ்வை நினைப்பிக்காமற் போகாது. ஒரு திறத்தார் மற்றொரு திறத்தாரை இகழலாகாது என வாதிடும் மடலுள் இச்சொல்லே வந்து அமர்ந்தது வியப்பிற்குரியது.

இம்மடல் கி.பி. 57-ஐ ஒட்டிக் கொரிந்து நகரில் எழுதப்பட்டதென்பது பெரும்பாலார் முடிபு. அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னர், கி.பி. 49 அளவில், கிளாதியுப் பேரரசர் யூதரை உரோமாபுரியினின்று வெளியேற்றினார். அவர் 54-இல் இறந்தபின் யூதர் மீண்டனர். இடைக்காலத்தில் சபைகளில் பிறவினத்தாரே மிக்கிருந்தனர் என்றும், மீண்டு வந்த யூதக் கிறித்தவரை அவர்கள் ஒரு பொருளாக மதித்திலர் என்றும் அறிஞர் பலர் கருதுவர். 14-ஆம் இயலில் உணவையும் நாள்களையும் பற்றி எழும் பூசல் இப்பின்னணியில் எளிதில் விளங்கும்.

யூதச் சட்டத்தையும் விருத்தசேதனத்தையும் மேற்கொள்ளாதார் ஆபிரகாமின் மக்களாதல் இயலுமா? இதற்குப் பவுலடிகளார் விடைகாணும் முறை ஓர் உரையாசிரியரின் முறையே ஆகும். தொடக்கநூல் 15-ஆம் இயலில் ஆபிரகாம் இறைவனை நம்பினார். அந்நம்பிக்கை அவர்க்கு நீதியாக எண்ணப்பெற்றது. விருத்தசேதனக் கட்டளையோ 17-ஆம் இயலிலேதான் வருகின்றது. எனவே, நீதிமான் எனப்பெற்ற காலத்து ஆபிரகாம் விருத்தசேதனம் பெறாதவரே. ஆகலின் அவர் இரு திறத்தார்க்கும் தந்தை என்பது அடிகளார் துணிபு. நூலின் வைப்புமுறையையே சான்றாக்கும் இத்திறம் நம் உரையாசிரியர்களைப் பயின்றார்க்குப் புதிதன்று.

மார்ட்டின் லூதர் காலமுதல் மேலை நாட்டார் இப்பகுதியைத் தனிமனிதனின் குற்றவுணர்வுக்கு மருந்தாகவே பெரிதும் படித்தனர். கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963-இல் எழுதிய கட்டுரை அதனை மறுத்தது. பவுலை வருத்திய வினா 'என் பாவம் எங்ஙனம் தீரும்' என்பதன்று, 'பிறவினத்தார் இறைமக்களுள் எங்ஙனம் சேர்வர்' என்பதே என்றார் அவர். 1977-இல் வெளிவந்த ஈ. பி. சாண்டர்சின் நூல், யூதர் சட்டத்தைக் கைக்கொண்டது இறையருளை விலைக்கு வாங்குதற்கன்று, பெற்ற உடன்படிக்கையில் நிலைத்தற்கே என நிறுவ முயன்றது. இவர்தம் முடிபுகள் அனைத்தையும் ஏலாதாரும், மடலின் சூழலை இவர்கள் மீட்டுத் தந்தனர் என்பதை மறுப்பதிலர்.

மடலின் உயிர்நிலை 9 முதல் 11 வரையுள்ள இயல்களே என்பது எம் கருத்து. 11-ஆம் இயலில் ஓர் ஒலிவ மரம் உவமையாக வருகின்றது. அதன் கிளைகள் சில முறிக்கப்பட்டன. காட்டொலிவக் கிளை அவ்விடத்தே ஒட்டப்பட்டது. உழவர் வழக்கோ நல்லொலிவத் தளிரைக் காட்டு மரத்தில் ஒட்டுதல். அடிகளார் இதனைத் தலைகீழாக்கியது தோட்டத் தொழில் அறியாமையால் என்பாரும் உளர். அவரே இவ்வொட்டு இயற்கைக்கு மாறானது என்று வெளிப்படக் கூறுதலின், அக்கூற்று நில்லாது. ஒட்டப்பட்ட கிளை தன் தகுதியால் ஆங்கு நிற்கவில்லை. வேரே கிளையைத் தாங்குகின்றது, கிளை வேரைத் தாங்குவதன்று. முறிந்த கிளைகளைத் தம் மரத்திலேயே மீண்டும் ஒட்டுதல் இறைவற்கு எளிது. ஈண்டு எச்சரிக்கை பெறுவார் யூதரல்லர், பிறவினத்துக் கிறித்தவரே. பின்னாளைக் கிறித்தவ நாடுகளில் யூதர்க்கு நேர்ந்த கொடுமைகளை எண்ணுங்கால், இவ்வெச்சரிக்கை எத்துணை மறக்கப்பட்டது என்பது புலனாம்.

இனி, அறிவித்தல். 10-ஆம் இயலில் அடிகளார் வினாக்களைத் தொடுத்துச் செல்கின்றார். நம்பாதவர் எங்ஙனம் வேண்டுவர், கேளாதவர் எங்ஙனம் நம்புவர், அறிவிப்பார் இன்றி எங்ஙனம் கேட்பர், அனுப்பப்படாதார் எங்ஙனம் அறிவிப்பர் என்பது அதன் போக்கு. நம் அணிநூலார் காரணமாலை என்னும் அணியோடு இது ஒக்கும்; எனினும் ஈண்டுக் காரியத்தினின்று காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்கின்றது. அறிவிப்போன் தன் விருப்பால் வந்தவனல்லன், அனுப்பப்பட்டவன் என்பது அதன் முடிநிலை.

இவ்வறிவிப்பு யூதர்க்கும் உரியதா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. 1965-ஆம் ஆண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை ஒலிவ மர உவமையை எடுத்தாண்டு, யூதர் இறைவனால் தள்ளப்பட்டோர் அல்லர் என்றது. 1989-இல் வெளியான வில்லோபேங்க் அறிக்கை யூதர்க்கும் நற்செய்தி கூறல் கடமையே என்றது. 2015-இல் வெளிவந்த வத்திக்கான் ஆவணம், யூதரை நோக்கி நிறுவன வகையில் மறைபரப்புப் பணி செய்வதில்லை என்றும், கிறித்தவர் தனித்தனியே பணிவோடு சான்று பகர்தல் வேண்டும் என்றும் கூறிற்று. யூதர்க்கு ஒருவழி, ஏனையோர்க்கு வேறுவழி எனப் பவுல் கருதினார் என்பாரும் உளர். யூதர்க்கும் கிரேக்கர்க்கும் வேறுபாடு இல்லை என அதே 10-ஆம் இயலில் அவர் கூறுதலின், அவ்வுரை மடலின் சொற்களோடு இயையாது என்பேம். அங்ஙனமாயினும், அறிவிப்போன் செருக்குறுதற்கு 11-ஆம் இயல் சிறிதும் இடந்தரவில்லை.

15-ஆம் இயலில், பிறவினத்துச் சபைகள் தொகுத்த பொருளை எருசலேம் ஏழையர்க்குக் கொண்டு செல்லவிருப்பதாக அடிகளார் எழுதுகின்றார். அதனை அவர் கொடை என்னாது கடன் என்கின்றார். அங்குச் சென்றபோது, எபேசு நகரத்துத் துரோப்பிமு என்னும் பிறவினத்தாரைக் கோவிலினுள் அழைத்துச் சென்றார் என்னும் பழி எழ, அவர் சிறைப்பட்டார். அயலார் உட்புகின் இறப்பர் என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு அக்கோவிலின் இடைமதிலில் இருந்தது. அதன் ஒரு படியை 1871-இல் கிளேர்மோன் கன்னோ கண்டெடுத்தார். அக்கல் இசுதான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. 'புறஜாதியார்' என்னும் சொல்லில் 'ஜாதி' பொருந்தாதெனினும், 'புற' என்பது அம்மதிலுக்கு வெளியே நின்றாரை உள்ளபடியே காட்டுகின்றது.