படகு இல்லங்களில் இருந்து கசியும் எண்ணெய்: தடுப்பது எப்படி?

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் சுற்றுலாப் படகுகள் நிறுத்தப்படும் இடங்களில், நீரின் மேல் வானவில் நிறத்தில் மின்னும் மெல்லிய படலத்தைக் காண முடியும். பெரும் விபத்து ஏதும் நேராமலேயே, நாள்தோறும் சொட்டுச் சொட்டாகக் கசியும் டீசலும் இயந்திர எண்ணெயும் சேர்ந்து இப்படலத்தை உருவாக்குகின்றன. இதைத் தடுக்கும் வழிமுறைகள் எளியவை. அதிகச் செலவு பிடிக்காதவை.

ஏன் கவலை?

ஆலப்புழா, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களில் பரந்துள்ள வேம்பநாட்டு ஏரி, 2002-ஆம் ஆண்டு ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட வேம்பநாடு-கோல் பகுதியின் அங்கமாகும். கரிமீன் பிடிப்போரும், ஏரியின் அடியில் கறுப்பு மட்டி சேகரிப்போரும் இந்நீரையே நம்பி வாழ்கின்றனர். மீனிலும் மட்டியிலும் எண்ணெய் வாடை ஏறினால் அவை விலை போவதில்லை.

ஒரு லிட்டர் எண்ணெய், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் பரவினால் 1,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும். நீரின் மேற்பரப்பை ஒட்டி மிதக்கும் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

குட்டநாட்டு நெல் வயல்களுக்குள் உப்பு நீர் புகாதிருக்க, தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகள் வழக்கமாக டிசம்பர் மாதத்தில் மூடப்படுகின்றன. இதனால் அணைக்குத் தெற்கே நீரோட்டம் தடைபடுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதும் இக்காலத்தில்தான்.

எங்கிருந்து கசிகிறது?

முன்னர் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் கழி ஊன்றிச் செலுத்தப்பட்டன. அவற்றின் வழிவந்த இன்றைய படகு இல்லங்களில் பெரும்பாலானவை டீசல் இயந்திரத்தில் இயங்குகின்றன. இயந்திரத்தில் இருந்து ஒழுகும் எண்ணெய், படகின் அடிப்பகுதியில் தேங்கும் நீருடன் கலக்கிறது. அந்நீரைப் பம்பு மூலம் வெளியேற்றும்போது எண்ணெயும் ஏரிக்குள் செல்கிறது. எரிபொருள் நிரப்பும்போது வழிவதும், இயந்திர எண்ணெயை மாற்றும்போது சிந்துவதும் பிற காரணங்கள். பழைய வகை இரு-ஸ்ட்ரோக் இயந்திரங்களில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலேயே நீரில் கலக்கிறது.

படகு உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

* இயந்திரத்தின் கீழ் ஒழுகல் தட்டு வைத்து, கசியும் குழாய்களையும் இணைப்புகளையும் உடனுக்குடன் மாற்ற வேண்டும்.

* படகின் அடிப்பகுதியில், எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகளைப் போட வேண்டும். தேங்கிய நீரில் எண்ணெய் தென்பட்டால், அதை அகற்றிய பின்னரே பம்பை இயக்க வேண்டும்.

* வெப்பத்தில் எரிபொருள் விரிவடையும் என்பதால், கலனை விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

* சிந்திய எண்ணெய் மீது சோப்புக் கரைசலை ஊற்றக் கூடாது. அதனால் படலம் மறையுமே தவிர எண்ணெய் மறையாது. நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் கலந்துவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021, எண்ணெய் உள்ளிட்ட மாசுப் பொருள்களை நீரில் வெளியேற்றுவதைத் தடை செய்கிறது. படகுகளில் இருந்து கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் வசதிகளை ஏற்படுத்தும் பொறுப்பை மாநில அரசுகளுக்கு அளிக்கிறது. இந்த இரண்டாவது அம்சம் முக்கியமானது. சேகரித்த எண்ணெயை ஒப்படைக்கக் கரையில் இடம் இருந்தால்தான், படகோட்டி அதை ஏரியில் கொட்டாமல் வைத்திருப்பார்.

நிரந்தரத் தீர்வு

டீசலையே தவிர்ப்பது நீண்ட காலத் தீர்வாகும். வேம்பநாட்டு ஏரியில் வைக்கம்-தவணக்கடவு இடையே, 75 பேர் பயணிக்கும் 'ஆதித்யா' சூரிய மின்சக்திப் படகு 2017 ஜனவரி முதல் இயக்கப்படுகிறது. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் மின்கலப் படகுகள் ஓடுகின்றன. வாராணசியில் கங்கையில் ஓடும் டீசல் படகுகள் சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன.

எல்லாப் படகுகளும் இவ்வாறு மாறுவதற்குக் காலமும் முதலீடும் தேவை. அதுவரை, ஒழுகல் தட்டும் உறிஞ்சு விரிப்பும் கரையோரச் சேகரிப்புத் தொட்டியுமே ஏரியைக் காக்கும் முதல் அரண்.