‘டாங்க்’ – ‘தாங்கல்’: ஒலியொப்புமையும் சொற்பிறப்பும்

பெங்களூரில் ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. சிறுநீர்நிலையைத் தமிழர் குட்டை என்பர். கன்னடர் குண்டெ என்பர். தெலுங்கர் குண்ட என்பர். ஆங்கில ஆவணங்களோ ஏரி, குளம், குட்டை ஆகிய அனைத்தையும் ‘டாங்க்’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகின்றன. இச்சொல்லின் வரலாற்றையும், அது மொழிபெயர்ப்பில் தோற்றுவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘டாங்க்’ போர்ச்சுக்கீசியத் ‘தாங்கெ’ என்பதனோடு தொடர்புடையது. அதன் இனச்சொல்லாகிய ஸ்பானிய ‘எஸ்தாங்கெ’, ஓட்டத்தைத் தடுத்தல் என்னும் பொருளுடைய வினையோடு இணைத்துக் காட்டப்படுகிறது. குஜராத்தி முதலிய மொழிகளிலும் ஒத்த வடிவம் உண்டு. ஆகவே 1886இல் வெளிவந்த ஹாப்சன் – ஜாப்சன் அகராதி, இந்திய மூலம், ஐரோப்பிய மூலம் என இரண்டையும் குறிப்பிடுகிறது.

வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் வரும் ‘தாங்கல்’ சிற்றேரியைக் குறிக்கும். இதனைப் போர்ச்சுக்கீசியக் கடன்சொல்லாகக் கொள்ள ஒலியொப்புமை இடந்தருவது போலத் தோன்றும். ‘துவாலை’ என்ற போர்ச்சுக்கீசியக் கடன்சொல்லிலும் முதலொலி தகரமே. எனினும் ‘தாங்கல்’ என்பது தாங்கு + அல் எனத் தெளிவாகப் பிரிகின்றது. ஏந்து + அல் என அமைந்த ‘ஏந்தல்’ என்பதும் ஏரியைக் குறித்தல் காண்க. ஒரே பொருளுடைய இரு வினைகள் ஒரே விகுதியேற்று ஒரே பொருளில் வழங்குவது தற்செயலன்று. எனவே ‘தாங்கல்’ தமிழ்ச்சொல்லே. இங்குள்ள ஒற்றுமை ஒலியளவினதே.

கன்னடக் ‘கெறெ’, தெலுங்குச் ‘செருவு’, மலையாளச் ‘சிற’ ஆகியவை அணை, தடை என்னும் பொருள்தரும் தமிழ்ச் ‘சிறை’யோடு இனமுடையவை. தடுத்தல் என்னும் கருத்தினின்றே நீர்நிலைப் பெயர் பிறத்தலை ஸ்பானியத்திலும் திராவிடத்திலும் ஒருங்கே காண்கிறோம். இது பொருள்வளர்ச்சி ஒப்புமையேயன்றி இனவுறவன்று.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. 1882இல் அமைக்கப்பெற்ற சாங்கி ‘டாங்க்’கைத் ‘தொட்டி’ எனப் பெயர்த்தால், கரையும் நீர்வரத்துப் பரப்பும் மறைந்து, நாற்புறமும் சுவருடைய கொள்கலமே எஞ்சும். குட்டையை ஏரி என்றாலோ அளவு பிழைபடும். நிலஆவணங்களில் இத்தகைய பிழை, நீர்நிலையின் எல்லையையே ஐயத்துக்குள்ளாக்கும். ஆதலின் ‘டாங்க்’ வருமிடந்தோறும் நீர்நிலையின் அமைப்பையும், அவ்வூர் மக்கள் அதற்கு வழங்கும் பெயரையும் அறிந்த பின்னரே தமிழ்ச்சொல்லைத் தேர்தல் வேண்டும்.